வாட்ஸ்அப்பில் ஊரே பேசுகிறது, கிராம சபைக்கு ஏன் ஆள் வருவதில்லை?

கரிசல்காட்டான்

வணக்கம் நண்பர்களே. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், ஊரோடு தொடர்பு பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கடை திறக்கவில்லையா, குழுவில் உடனே படம் வந்துவிடும். பின்னாலேயே வரிசையாகக் குரல் பதிவுகள். கோபம், யோசனை, பழைய கணக்கு எல்லாம் அங்கே உண்டு.

போன அக்டோபர் 2 அன்று ஊரில் இருந்ததால் கிராம சபைக்குப் போனேன். சமுதாயக்கூடத்துக்கு முன்னால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர், ஊராட்சி செயலர், அங்கன்வாடி அக்கா. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாமார்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் தினமும் பேசுகிறவர்களில் பத்துப் பேர்கூட இல்லை. கூட்டப் பொருள் வாசித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், டீ வந்தது. தண்ணீர்ப் பிரச்சனையை நான் எடுத்தபோது "பார்க்கலாம்" என்று ஒரு பதில், அப்படியே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. இதே ஆட்கள்தான் கோவில் கொடைக்கு வரி பிரிக்க வீடு வீடாக அலைகிறார்கள். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் தூத்துக்குடிவரை வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பொதுக் காரியத்தில் இறங்குகிற மனசு இருக்கிறது. அப்புறம் ஏன் சட்டம் கொடுத்த இடத்துக்கு மட்டும் வருவதில்லை? போனில் பேசித் தீர்த்துவிடுவதால் நேரில் வரத் தோன்றவில்லையா? உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள்.

பழைய கிளார்க்கு

தம்பி, ஒன்றிய அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன், பேச்சு நடுவில் தடுமாறாது.

ஊராட்சிகளுக்கு அரசியல் சாசன அங்கீகாரம் கொடுத்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. நம்முடைய ஊராட்சிகள் சட்டம் 1994. அதன்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். தேர்தல், நியமனம் எதுவும் கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு கூட்டம் இருந்தது. 2022-ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாகியது.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை எப்படியாவது காட்டியாக வேண்டும் என்பதில்தான் பாதி ஊரில் கூட்டம் கெட்டுப்போகிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தீர்மானத்தை எழுதும் முன்பே கையெழுத்துப் பக்கம் நிரம்பிவிடும். மேலே இடம் காலியாக இருக்கும், பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார்கள். உங்கள் ஊரில் கையெழுத்து வாங்கியபோது தீர்மானம் எழுதி முடித்திருந்ததா?

கரிசல்காட்டான்

இல்லை ஐயா. வருகைப் பதிவு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். தீர்மானத்தை யாரும் உரக்கப் படிக்கவில்லை.

கணக்குப்புள்ளி

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மான்சர் ஓல்சன் என்ற பொருளியல் அறிஞர் 1965-லேயே சொன்ன விஷயம் இது. தெருவிளக்கு எரிந்தால் கூட்டத்துக்கு வந்தவனுக்கும் வெளிச்சம், வராதவனுக்கும் அதே வெளிச்சம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற செலவு மட்டும் தனி ஆளுடையது. அப்படியானால் வராமல் இருப்பவன் முட்டாள் இல்லை, கணக்குத் தெரிந்தவன். குழுவில் குரல் பதிவு போடுவதற்குச் செலவே இல்லை, அதனால் போடுகிறான்.

நகரத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் வாக்குப்பதிவு, மத்திய சென்னையில் 54 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் சுமார் 43 சதவீதம்தான். சமூக வலைத்தளத்தில் அதிகம் பேசுகிற ஊர் அதுதான்.

ஏழாவது வார்டு

கணக்குப்புள்ளி அண்ணா, உங்கள் கணக்கு சரியென்றால் கோவில் கொடைக்கும் யாரும் வரக் கூடாது. தேர் ஓடினால் இழுக்காதவனும்தானே கும்பிடுகிறான்? ஆனால் வருகிறார்கள். ஆகவே செலவும் வரவும் மட்டும் காரணம் இல்லை.

நான் 2019 டிசம்பர் தேர்தலில் வார்டு உறுப்பினராக வந்தவள். எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்கு ஊராட்சி போய்விட்டது. உறுப்பினராக இருந்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்த வாட்ஸ்அப் குழுவில் ஊரே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் குழுவில் பெண்கள் மிகக் குறைவு. இருக்கிறவர்களும் பேசுவதில்லை, பேசினால் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகச் செய்தி அனுப்ப ஆள் இருக்கிறது. காலனியில் தனிக் குழு. வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் நிறையப் பேசுவார்கள், தண்ணீர் பிடிக்கிற அம்மா அதில் இல்லை. நீங்கள் கிராம சபையில் தரையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்ன அம்மாமார்கள்தான் தண்ணீரின் நிலவரம் முழுதும் தெரிந்தவர்கள். எத்தனை மணிக்கு வால்வு திறக்கிறார்கள், எந்தத் தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

இரண்டாவது, பெண்கள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் யார் கடன் கட்டவில்லை, யாருக்கு அடுத்த கடன், சேமிப்பு நோட்டில் எவ்வளவு என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பேசுவார்கள். அதே பெண்கள் கிராம சபையில் வாய் திறப்பதில்லை. குழுவில் பேசினால் அன்றைக்கே ஒன்று நடக்கும். சபையில் பேசினால் ஒன்றும் நடக்காது, அதோடு "இவளுக்கு என்ன தெரியும்" என்ற பார்வையும் வந்து சேரும். சட்டசபையில் சட்டம் போட்டு உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டோம், பேசும் இடம் இன்னும் எங்களுடையதாகவில்லை.

நூலகப்பூனை

அக்கா சொன்னதுக்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. சமூகவியல் படிக்கிற மாணவி நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சிட்னி வெர்பா, கே ஷ்லோஸ்மன், ஹென்றி பிரேடி மூவரும் 1990-களில் குடிமக்கள் ஏன் பங்கெடுப்பதில்லை என்று பெரிய ஆய்வு செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் மூன்று: முடியவில்லை, விருப்பமில்லை, யாரும் கூப்பிடவில்லை. நேரம், பணம், கூட்டத்தில் பேசும் பழக்கம் இல்லையென்றால் முடியாது. இந்தப் பழக்கத்தைத் தேவாலயம், வேலையிடம், சங்கம் போன்ற இடங்களில்தான் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் காட்டினார்கள். நம் ஊரில் சுய உதவிக் குழு செய்வது அதைத்தான். கடைசிக் காரணத்தை நாம் கவனிப்பதே இல்லை. கொடைக்கு வீட்டு வாசலில் வந்து கூப்பிடுகிறார்கள். கிராம சபைக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆன்லைன் பற்றி. 2010 அமெரிக்கத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக் 6 கோடிக்கும் அதிகமானவர்களிடம் ஒரு சோதனை செய்தது, முடிவு 2012-ல் நேச்சர் இதழில் வந்தது. "இன்று வாக்களிக்கும் நாள்" என்று வெறும் தகவல் மட்டும் காட்டியதில் பலன் இல்லை. வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களைக் காட்டியபோது பலன் இருந்தது. கூடுதலாக வந்த சுமார் 3,40,000 வாக்குகளில் பெரும்பகுதி நெருங்கிய நண்பர்கள் வழியாகப் பரவியது. அதாவது போனில் வரும் செய்தி ஆளைக் கிளப்பும், ஆனால் தெரிந்த முகம் கூடவே இருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. சூடானின் தார்ஃபுர் மக்களைக் காப்போம் என்று ஃபேஸ்புக்கில் தொடங்கிய குழுவில் பத்து லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை, பெரும்பாலோர் புதிதாக யாரையும் சேர்க்கவும் இல்லை. கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வு இன்னும் நுணுக்கமானது: நாலு பேர் பார்க்க ஆதரவு காட்டியவர்களைவிட, யாருக்கும் தெரியாமல் ஆதரவு காட்டியவர்கள்தான் பிறகு உண்மையான உதவிக்கு அதிகம் முன்வந்தார்கள்.

மேலூர்வாசி

ஆராய்ச்சி எல்லாம் சரி. எங்கள் பகுதியில் கண்ணுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. சுமார் 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டி வருகிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், மலையில் சமணப் படுக்கையும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கிற ஊர். ஏலச் செய்தி எங்களுக்குப் போனில்தான் வந்தது, வரைபடமும் போனில்தான் வந்தது. எந்த ஊர் கோட்டுக்குள் இருக்கிறது, எந்தக் கண்மாய் போகும் என்று பெரிதுபடுத்திப் பார்த்துப் பார்த்து ஆளாளுக்கு அனுப்பினார்கள். அதுவரை ஆன்லைன்.

அப்புறம் நடந்தது முழுக்க மந்தையில், அதாவது ஊர் கூடும் பொதுத் திடலில். ஊர் ஊராகக் கூடினோம். அந்த வருடம் தீபாவளி காரணமாக நவம்பர் 1 கிராம சபை நவம்பர் 23-க்குத் தள்ளிப்போயிருந்தது, அதுவே எங்களுக்கு வசதியாகிவிட்டது. அரிட்டாபட்டியிலும் சுற்று ஊராட்சிகளிலும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டசபையிலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஊர்வலம். மேலூரில் கடையெல்லாம் அடைத்திருந்தார்கள். நெல் அறுக்கிற நேரம், பொங்கலுக்கு ஒரு வாரம்தான், இருந்தும் சனம் வந்தது. வயசான ஆட்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் பாதிக்குப் பாதி. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. போராடியவர்கள் மேல் போட்ட வழக்குகளையும் பிறகு வாபஸ் வாங்கினார்கள்.

இதில் நான் கவனித்தது, ஆட்கள் புதிதாக ஒன்று சேரவில்லை. பெரியாறு ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பல காலமாகப் போராடிவரும் விவசாய சங்கம் இருந்தது, ஊர்க் கூட்டம் இருந்தது, வியாபாரிகள் சங்கம் இருந்தது. வாட்ஸ்அப் இவர்களுக்கு நடுவில் வேகமாகச் சேதி கொண்டுபோனது. அமைப்பே இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் மட்டும் இருந்தால் வெறும் புலம்பல்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

ஏழாவது வார்டு

மேலூர்வாசி, உங்கள் ஊர் ஜெயித்ததில் எனக்கு முழு சந்தோஷம். ஆனால் மந்தையை இப்படிக் கொண்டாடும்போது ஒன்றை விட்டுவிட வேண்டாம். அதே மேலூர்ப் பகுதியில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள், உடன் வந்தவர்களும் சேர்ந்து செத்தார்கள். மந்தையில் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இடம் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியதற்காகவே 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலையே நடத்தவிடவில்லை, 2006-ல்தான் முறையாக நடந்தது.

ஊர்க் கூட்டத்துக்கு ஆள் திரள்வது நல்ல பங்கேற்பு என்று சும்மா சொல்லிவிட முடியாது. யாரை விலக்கி வைத்துத் திரள்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு சொதப்பினாலும் கிராம சபையில் காலனிக்காரரும் சட்டப்படி உறுப்பினர், அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மேலூர்வாசி

மறுக்கமாட்டேன் அக்கா. மேலவளவு பெயரை எடுத்தால் எங்கள் பக்கத்தில் இன்றும் பலருக்குப் பேச்சு நின்றுவிடும். டங்ஸ்டன் ஊர்வலத்தில் எல்லாச் சனமும் வந்தது உண்மை, நிலம் எல்லாருக்கும் சேர்ந்து போவதாக இருந்தது. அந்த ஒற்றுமை அடுத்த பங்குனித் திருவிழாவரை நிற்குமா என்றால் அதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். மந்தையில் எடுத்த முடிவை கிராம சபைத் தீர்மானமாகவும் எழுத வைத்தது அந்த வகையிலும் நல்லது. அதில் பெயரும் கையெழுத்தும் எல்லாத் தெருவிலிருந்தும் இருந்தது.

வேளச்சேரிக்காரர்

சென்னை மீது கணக்குப்புள்ளி வைத்த குற்றச்சாட்டுக்கு ஒரு பதில். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் இறங்கியபோது இந்த ஊர் என்ன செய்தது என்று பாருங்கள். மின்சாரம் இல்லை, பல இடங்களில் போன் டவர் இல்லை. போன் வேலை செய்த ஊர்களில் இருந்தவர்கள், வெளிநாட்டில் இருந்தவர்கள், ஆன்லைன் அட்டவணை திறந்து யார் எந்த மாடியில் சிக்கியிருக்கிறார்கள், எந்தத் திருமண மண்டபம் திறந்திருக்கிறது என்று பதிவு செய்தார்கள். நீரில் மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்டும் வரைபடம் இணையத்தில் உருவானது. படகோடு தெருவுக்குள் வந்தவர்கள் மீனவர்கள், அவர்களை யாரும் ஹேஷ்டேக் போட்டுக் கூப்பிடவில்லை.

அதில் ஒரு பெரிய பிரச்சனையும் இருந்தது. காலையில் மீட்கப்பட்டவர்களுக்கு உதவி கேட்கும் பதிவு மூன்று நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்தது. பால் பவுடர் வேண்டும் என்று ஒரு மண்டபம் கேட்டால் லாரி லாரியாகப் பால் பவுடர் வந்து இறங்கும், நாப்கின் இருக்காது. பிறகுதான் சிலர் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, சரிபார்த்து, "முடிந்தது" என்று குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் பெயர் வாங்கித் தராத வேலை. அந்த வேலை நடந்த இடத்தில் உதவி சரியாகப் போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். எங்கள் பகுதி ஏரியில் எவ்வளவு ஆக்கிரமிப்பு, வடிகால் எங்கே போகிறது என்று தொடர்ந்து மனுப் போட நின்றவர்கள் ஓய்வுபெற்ற சிலர்தான்.

கணக்குப்புள்ளி

அதைத்தானே நானும் சொல்கிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் எவ்வளவு பேர்! தலைவர் இல்லை, கட்சிக் கொடி இல்லை, விளக்கை அணைத்தபோது போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள், போக்குவரத்தையும் குப்பையையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23-ல் சட்டசபையில் மசோதா. அதே 23 காலையில் போலீஸ் கலைத்தது, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. மெரினாவில் நின்ற அத்தனை ஆயிரம் பேரில் எத்தனை பேர் அடுத்த மே 1 கிராம சபையில் உட்கார்ந்தார்கள்?

சரி, என் முதல் பதிவில் இருந்த வாதத்தை அக்கா சொன்ன பிறகு கொஞ்சம் திருத்துகிறேன். மக்கள் செலவைப் பார்த்து மட்டும் ஒதுங்குவதில்லை, அந்த இடத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் பங்கேற்பை எட்டுப் படியாகப் பிரித்தார். கீழ்ப்படிகளில் மக்களை உட்கார வைத்துத் தலையாட்ட வைப்பது மட்டும் நடக்கும். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், முடிவு வேறெங்கோ எடுக்கப்படும். மேல்படிகளில்தான் முடிவெடுப்பதில் பங்கு. நம் கிராம சபையின் கூட்டப் பொருள் மேலிருந்து அச்சடித்து வருகிறது. கீழ்ப்படியிலேயே நிற்கிற கூட்டத்துக்கு வராதவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

பாலக்காட்டான்

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழன். இங்கே கேரளாவில் கிராம சபை வார்டு அளவில் நடக்கும். 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பணம் கீழே வந்ததால் கூட்டத்துக்கு மதிப்பு வந்தது. இப்போதும் வீடு, ஆடு, மாடு போன்ற உதவிகளுக்குப் பயனாளி பட்டியல் அங்கேதான் பேசப்படும், ஏழைப் பெண்கள் நிறைய வருவார்கள். வசதியானவர்கள் வருவதில்லை, அவர்களுக்கு அங்கே கிடைக்க ஒன்றுமில்லை. ஆக, கணக்குப்புள்ளி சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. உங்கள் பக்கம் ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நடக்கும் கூட்டத்துக்குக் கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்?

வன்னிமண்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை ஆர்வமாக வாசித்தேன். ஒரு விசயம் எனக்கு உடன்பாடில்லை. பலன் கிடைக்குமென்றால் சனம் வரும், கிடைக்காதென்றால் வராது என்கிற மாதிரிப் பேச்சுப் போகிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மற்ற இடங்களிலும் அப்படியே. வருடக்கணக்காக அது ஓயவில்லை. பதில் கிடைக்காமலே பல அம்மாக்களும் அப்பாக்களும் இறந்துபோனார்கள். அவர்களுடைய இடத்தில் அடுத்தவர்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். பலனைக் கணக்குப் பார்த்திருந்தால் முதல் வருடமே வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு அம்மாவிடம் ஏன் இன்னும் வருகிறீர்கள் என்று கேட்டேன். "நான் வராட்டி என்ர பிள்ளை இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடும் தம்பி" என்றார்.

2022-ல் கொழும்பு காலிமுகத்திடலில் அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்தபோது முழு இலங்கையும் அங்கே என்று உலகம் பார்த்தது. ஹேஷ்டேக்கில் தொடங்கி ஏப்ரல் 9-இலிருந்து கூடாரம் போட்டுத் தங்கி, ஜூலையில் ஜனாதிபதியையே நாட்டை விட்டு ஓட வைத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் வடக்கில் பலர் தள்ளி நின்றுதான் பார்த்தோம். எங்கள் தெருவோரக் கொட்டகைக்கு அதுவரை அவர்கள் வந்ததில்லை. எங்களுக்கு ஊர்வலம் என்றால் பக்கத்திலேயே நின்று படம் பிடிக்கிறவன், பிறகு வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவன் எல்லாம் நினைவுக்கு வரும். பங்கெடுப்பதன் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. கொழும்பில் ஒரு பையன் முகநூலில் எழுதுவதும் முல்லைத்தீவில் ஒரு பெண் எழுதுவதும் ஒன்றல்ல.

ஏழாவது வார்டு

தம்பி, அந்த அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் பிரச்சனையோடு இதைச் சேர்த்துப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நூலகப்பூனை

வன்னிமண் அண்ணா சொன்னது நான் மேலே எழுதியதில் விட்டுப்போன பகுதி. பலனுக்காக வருகிறவர்கள் உண்டு, கூப்பிட்டதால் வருகிறவர்கள் உண்டு. வராமல் இருந்தால் தான் யார் என்பதே போய்விடும் என்று வருகிறவர்களும் உண்டு. கோவில் கொடைக்கு அலைகிறவர்களிடமும் இந்த மூன்றாவது கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது அவர்கள் சாமி, அவர்கள் ஊர். ஊராட்சி அப்படி இல்லை. அது கவர்ன்மெண்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்.

கரிசல்காட்டான்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. இங்கே படித்தபின் ஊர்க் குழுவில் ஒரு சின்ன வேலை செய்தேன். தண்ணீர் பற்றிய குரல் பதிவுகளைக் கேட்டு, எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதினேன். புலம்பலாகக் கேட்டதெல்லாம் தாளில் வந்ததும் வேறு மாதிரித் தெரிந்தது. கிழக்குத் தெருவிலும் காலனியிலும் மட்டும்தான் தொடர்ந்து தண்ணீர் வராமல் போகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து போகும் குழாயில் கடைசியாக இருக்கிற தெருக்கள் அவை. அம்மாவிடம் சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் கேட்கச் சொன்னேன். குழுவில் ஒருவரும் சொல்லாத தகவல் அவர்களிடமிருந்து வந்தது: நடுத்தெருவில் சில வீடுகளில் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 26 கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டும். கிளார்க்கு ஐயா, எப்படி எழுதினால் "பார்க்கலாம்" என்று தள்ள முடியாது?

பழைய கிளார்க்கு

நல்ல வேலை தம்பி. இப்படிச் செய்யுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்க" என்று ஒரு வரி தலைப்பு, கீழே உங்கள் தெருவாரியான விவரம். இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தனி ஆளாகப் போடாமல் அந்த இரண்டு தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "குடிநீர்ப் பிரச்சனை தீர்க்கப்பட வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் வேலையில்லை. "கிழக்குத் தெரு மற்றும் காலனிக்குத் தனி வால்வு அமைக்கவும், குழாயில் நேரடியாகப் பொருத்திய மோட்டார்களை அகற்றவும், நடவடிக்கை விவரத்தை அடுத்த கிராம சபையில் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம், அதை யாரும் சேர்ப்பதில்லை.

மினிட் நோட்டில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், படித்த பிறகு கையெழுத்து. கேட்பது உங்கள் உரிமை, சண்டை போட வேண்டியதில்லை, மரியாதையாகக் கேட்டாலே போதும். பிறகு நகல் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஊராட்சி ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஏழாவது வார்டு

தம்பி, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் மாட்டியிருக்கும் வீடுகளின் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம், அந்தத் தகவலைச் சொன்ன பெண்களைத்தான் அடுத்த நாள் வம்புக்கு இழுப்பார்கள். "ஆய்வு செய்து அகற்ற" என்று மட்டும் எழுதுங்கள். அந்தப் பெண்களை வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள், உங்கள் அம்மாவும் கூட வரட்டும். நாற்காலி அவர்களுக்கும் போடச் சொல்லுங்கள். அதோடு, தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லும் வேலையை அவர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கரிசல்காட்டான்

சரி அக்கா. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அப்போதே வீடு வீடாகப் போய்விடுகிறோம். மனுவின் வரைவை நாளை இங்கே போடுகிறேன், ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.